கோலத்தில் ஒரு சிவப்புச் சொட்டு

இன்று விடிகாலை வாசல் தெளிப்பதற்காகக் காரை ஒரு வண்டி நீளத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டு இறங்கிப் பார்த்தால், வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. குனிந்து விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. மோந்தும் பார்த்தேன். பவர் ஸ்டியரிங் ஆயில்தான். அந்த வாடையை எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன். "அட சனியனே, மறுபடியுமா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உள்ளே அத்தை கோலமாவுக் கிண்ணத்தைத் தேடும் சத்தம் கேட்டது. அத்தை என்றால் என் மாமியார். அவர் வெளியே வருவதற்குள் வாளித் தண்ணீரைக் கறைமேல் கொட்டிவிடலாமா என்று கை போனது. கொட்டவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இது என் மாமனாரின் கார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோதே வண்டிக்கு வயதாகிவிட்டிருந்தது. ஆனால் மாமா அதை நேற்று வாங்கியதைப் போலத் துடைப்பார். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அவர் கண்காணிப்பதற்கு மிச்சமிருந்தவை இந்தக் காரும், அத்தையும், நானும். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், மீதி நாளெல்லாம் போனில் "அப்பா சொல்றதைக் கேட்டுக்க" என்பார். எனக்குப் பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. தினமும் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய்வர வேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்று முதல் நாளே சொன்னேன். "வாசல்ல காரு நிக்குது, என் மருமக பஸ்ஸுக்கு நிக்கிறதா? நல்லா இருக்கே கதை!" என்று மாமா சாவியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், பின்சீட்டில்.

பின்கதவுகள் இரண்டும் உள்ளே இருந்து திறக்காது. என் கணவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழைய வண்டியில் ஒருமுறை ஓடும்போதே கதவைத் திறந்துவிட்டாராம். அந்தப் பயத்தில், இந்த வண்டி வந்த நாளிலிருந்து குழந்தைகளுக்கான பூட்டை மாமா போட்டே வைத்திருந்தார். குழந்தை வளர்ந்து மஸ்கட்டுக்கே போயாகிவிட்டது, பூட்டு மட்டும் போகவில்லை. கடை வாசலில் மாமா இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டால்தான் நான் இறங்க முடியும். கூட வேலை பார்க்கிறவர்கள் "மகாராணி வந்தாச்சு" என்று கிண்டல் செய்வார்கள். சாயந்திரம் கடை அடைக்கும் முன்பே எதிரில் கார் வந்து நிற்கும். பெரிய கடைவீதியில் ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் எனக்காகக் காத்திருக்காமல் வளையல் கடை வளையல் கடையாக ஏறி இறங்கவேண்டும் என்று ஆசை. நடக்கவில்லை. திட்டுகிறவரோடு மல்லுக்கு நிற்கலாம். வெயிலில் காருக்குள் உட்கார்ந்து நமக்காக வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரோடு எப்படி நிற்பது? எரிச்சலை மென்று விழுங்கிக்கொண்டு ஏறி உட்காருவேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் அப்பாவின் டிராக்டரை ஓட்டி வளர்ந்தவள் நான். கார் லைசென்சும் கையில் இருந்தது. "சாவியைக் குடுங்க மாமா, நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "டிராக்டர் வேற, காரு வேறம்மா. அது காடு, இது காவேரிப் பாலம்" என்று சிரித்துவிடுவார்.

என் கதையாவது தேவலை. அத்தையின் கதை அதைவிட மோசம். அவருக்குப் பிறந்த ஊர் தொட்டியம். கூடப் பிறந்த ஒரே தங்கை அதே ஊரில் வாழைத்தோட்டத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்தத் தங்கை மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கொடுக்காமல், திருச்சிக்கு வாழைத்தார் ஏற்றி வந்த லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். "லாரியில வந்த பத்திரிகைக்கு நான் காருல போகணுமா?" என்று மாமா குதித்தார். அதோடு தொட்டியம் பாதை அடைபட்டது. ஓட்டுகிறவர் அவர், வண்டி எங்கே போகவேண்டும் என்பதும் அவர் கையில். தங்கைக்கு உடம்புக்கு முடியவில்லை, சர்க்கரை முற்றிவிட்டது என்று சேதி வந்துகொண்டே இருந்தது. நான் அத்தையிடம், "வாங்க, நாம ரெண்டு பேரும் பஸ்ல போயிட்டு வந்துடலாம்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. கார் வெச்சிருக்கிற வீட்டுக்காரி பஸ்ல போய் இறங்கினா, புருஷன் துரத்திவிட்டானான்னு ஊரே கேக்கும். என் தங்கச்சிதான் வாசல்ல நின்னு பதில் சொல்லணும்" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தெரு குறுகல் என்பதால் கார் இரவெல்லாம் வாசற்படியை ஒட்டியே நிற்கும். விடிந்தும் விடியாததுமாக மாமா எழுந்து வந்து அதை ஒரு வண்டி நீளத்துக்கு முன்னால் நகர்த்துவார். காலியான இடத்தில் அத்தை தண்ணீர் தெளித்துக் கூட்டிக் கோலம் போடுவார். ஈரக்கோலத்தை மிதிக்கக் கூடாது என்பதால் மாமா அப்படியே நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார். நான் அடுப்படியில் இருப்பேன். ஆக, வண்டி நின்ற இடத்தைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் அத்தை மட்டும்தான்.

ஒரு கார்த்திகை மாதத்தில் தெருவில் சண்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் வாய் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். நம் வாசலில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டார் என்று அத்தை சத்தம் போட்டார். "லட்சுமி வர்ற வாசல்ல எந்தப் படுபாவி துப்பினது?" என்று காலங்காத்தாலே தொடங்கினால் தெருவே எழுந்துவிடும். அவரும் விடாமல், "ஏங்க, நான் அறுபது வயசு ஆளு, எங்க துப்பணும்னு எனக்குத் தெரியாதா?" என்று பதிலுக்கு நிற்பார். மாமா திரும்பி வருவதற்குள் அத்தை சலவைத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதன்மேல் பெரிய கோலமாகப் போட்டு முடித்திருப்பார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தை அதுவரை தெருவில் யாரையும் சத்தமாகக் கூப்பிட்டுக்கூட நான் கேட்டதில்லை. இன்னொன்று, திட்டிய அன்றெல்லாம் மத்தியானம் எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போகும். "பாவம், சம்சாரம் இல்லாத மனுஷன்" என்பார். நானும் நம்பினேன்.

அதே நாட்களில்தான் மாமாவுக்குத் தோள் வலி வந்தது. வண்டியைத் திருப்பும்போது பல்லைக் கடிப்பார். பாலத்தின்மேல் நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை, பாலக்கரைச் சந்துகளில் திரும்பும்போதுதான் முகம் மாறும். திருப்பத்தில் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்கும். காது கொஞ்சம் மந்தமான மாமாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, பழைய வண்டி முனகாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். என்ஜின் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் ஒருநாள் தவறாமல் பார்க்கிற மனிதர், ஸ்டியரிங் ஆயில் மூடியைத் திறந்ததே இல்லை. அது வண்டியின் ஆயுசுக்கும் போதும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக வைத்திருந்தார். அதனால் வண்டியைச் சந்தேகிக்காமல் தன்னைச் சந்தேகித்தார். வைத்தியரிடம் போய்த் தைலம் வாங்கி வந்தார். காலையும் மாலையும் அத்தை அதைச் சூடுகாட்டி அவர் தோளில் தேய்த்துவிடுவார். காருக்கு ஊற்றவேண்டிய எண்ணெயைத் தோளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார் மனிதர்.

மார்கழியில் அது ஒரு முடிவுக்கு வந்தது. ஏகாதசி நெருங்கி, ஸ்ரீரங்கத்துத் தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். சாயந்திரம் வீடு திரும்பும்போது அடையவளஞ்சான் தெரு முனையில், பாதி திரும்பிய நிலையில் கார் நின்றுவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டியரிங்தான் அசைய மறுத்தது. முன்னால் பூக்கடை, பின்னால் ஒரு வேன், இரண்டு பக்கமும் ஆட்டோக்கள். "பெருசு, வூட்ல உக்காரக் கூடாதா?" என்று ஒருவன் கத்தினான். மாமா இரண்டு கையாலும் தொங்குகிறவர்போல ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பின்சீட்டில் நான் கதவைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பொறுக்கமுடியாமல் முன்சீட்டுகளுக்கு நடுவே எக்கி நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இரண்டு பேருமாக வளைத்து எப்படியோ வண்டியைத் தெருவுக்குள் நுழைத்தோம். பிடித்த அந்தக் கணமே எனக்கு ஒன்று உறுத்தியது. அது டிராக்டரைவிடக் கனம். கிழவர் என்ன, எந்தக் குமரனுக்கும் அது கனம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கைகால் கழுவி, சாமி விளக்கின் முன்னால் சாவியை வைத்து எடுத்து என்னிடம் நீட்டினார். "இனிமே என்னால ஆகாதும்மா. நாளையிலேர்ந்து நீயே ஓட்டு" என்றார். எத்தனை நாள் கேட்ட சாவி! வாங்கிக்கொண்டேன். பொய் எதற்கு, உள்ளுக்குள் குதித்தேன். வளையல் கடைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. அத்தை சமையலறை நிலையில் சாய்ந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிகாலை வண்டியை முன்னால் நகர்த்தியது நான். இறங்கிப் பார்த்தேன், கறை. தொட்டேன், மோந்தேன். விஷயம் விளங்கிவிட்டது. மாமாவின் தோளுக்கு ஒன்றுமில்லை, வண்டிக்குத்தான் சீக்கு. சொல்லாமல் இருந்தால் சாவி என்னுடையது. கமுக்கமாகப் பட்டறையில் விட்டுச் சரிசெய்துகொண்டு நான்பாட்டுக்கு ஓட்டலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அப்படித்தான் இருந்துவிட நினைத்தேன். ஆனால் ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. நடைப்பயிற்சிக்குக்கூடப் போகாமல் மாமா சுவரில் உள்ளங்கையை வைத்து, வைத்தியர் சொன்னபடி விரல் விரலாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ராத்திரியில் பத்து வயது கூடியவர்போல இருந்தார். "மாமா, இங்க வாங்க! இதைப் பாருங்க!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் வருவதற்கும் அத்தை வாளியோடு வருவதற்கும் சரியாக இருந்தது. கறையைப் பார்த்ததும் அத்தை வேகமாக, "அது எதிர்வீட்டுக்காரரு துப்பினது" என்றார். நான் சிரித்தேன். "இல்லைங்க அத்தை, ஆயிலு. ஸ்டியரிங் ஆயிலு ஒழுகுது. மாமா கையில ஒண்ணுமே இல்ல" என்றேன். மாமா மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தார். விரலில் சிவப்பைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குழந்தைபோலச் சிரித்தார். "அப்போ என் கை நல்லாத்தானே இருக்கு! அடேயப்பா, உயிரே போச்சேன்னு இருந்தேனே!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வாசலில் கோலம் விழுந்தது வெயில் ஏறிய பிறகுதான்.

அன்றே பட்டறைக்குப் போனோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி மெக்கானிக் அடியில் படுத்தார். பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. குழாயை மாற்றி, புது ஆயில் ஊற்றினார். உள்ளே புகுந்த காற்று வெளியேற, யாராவது ஸ்டியரிங்கை முழுசாக இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். மாமா அடியில் குனிந்து சொட்டுகிறதா என்று பார்க்கவேண்டியிருந்ததால், "நீ ஏறி உக்காரும்மா" என்றார். ஏறினேன். முன்சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. முழுசாக இடது, முழுசாக வலது, மறுபடி இடது. திருப்பத் திருப்ப ஸ்டியரிங் இளகி, சுண்டுவிரலுக்கே திரும்பியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. "போதும், இறங்கு" என்று மாமா கதவைத் திறந்தார். சாவிக்குக் கை நீட்டினார், கொடுத்தேன். பின்கதவையும் அவரே திறந்துவிட்டார், ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஒற்றை விரலால் திருப்பிக் காட்டி, "பாத்தியா, வெண்ணெய் மாதிரி போகுது!" என்றார்.

மாமா குளிக்கப் போனபோது அடுப்படியில் அத்தையிடம், "நீங்க எதிர்வீட்டுக்காரரைப் போய்த் திட்டினீங்களே" என்று விளையாட்டாகச் சொன்னேன். அத்தை கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "வெத்தலை எச்சில் வழவழன்னா இருக்கும்? மூணாம் நாளே எனக்குத் தெரியும்மா, அது வண்டியிலேர்ந்துதான் வருதுன்னு. சத்தம் போட்டா எல்லாரும் எதிர்வீட்டைப் பாப்பாங்க, கீழ பாக்க மாட்டாங்க. அவரால முடியலேன்னா சாவி உன் கைக்குத்தானே வரும்? நீ டிராக்டர் ஓட்டினவ. வந்த அன்னிக்கே பட்டறையில விடச் சொல்லிட்டு, அப்புறம் தொட்டியம் கூட்டிட்டுப் போன்னு கேக்கணும்னு இருந்தேன். வந்துச்சு. ஒரு ராத்திரி இருந்துச்சு." குரல் உயரவில்லை. கீரைக்காம்பை மட்டும் பொடிப்பொடியாக ஒடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை!" என்று கத்தினேன். "சொல்லியிருந்தா நீயும் சேர்ந்து பொய் சொல்லணும். அந்தப் பாவம் என்னோட போகட்டும்னு நினைச்சேன்" என்றார்.

நான் செய்தது தப்பா என்று பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தப்பே இல்லை. சுவரில் விரல் ஏற்றிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தால் நாளைக்கும் அதைத்தான் சொல்வேன். அதுதான் என் வயிற்றெரிச்சலே. அதற்குப் பிறகு மாமாவிடம் நேராகவே கேட்டேன், அத்தையைத் தொட்டியம் கூட்டிப் போகலாம் என்று. "அவங்க வந்து தட்டு வெச்சுக் கூப்பிடட்டும், இந்த நிமிஷம் கிளம்பறேன்" என்றார். கணவரிடம் போனில் அழுதேன். "அப்பாகிட்ட நீ எதுக்கு வாய் குடுக்கிற?" என்றார்.

அடுத்த கோடையில் தட்டு வரவில்லை, தங்கையின் சாவுச் சேதி வந்தது. மாமாதான் முதலில் சட்டையை மாட்டினார். "நல்லதுக்குப் போகாட்டி போகுது, கெட்டதுக்குப் போகாம இருந்தா மனுஷனா? கிளம்பு" என்றார். குணசீலம், முசிறி என்று ஆற்றோரமாகவே கார் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு திருப்பத்தில்கூட முனகவில்லை. அத்தை மடியில் கோடிப்புடவையை வைத்துக்கொண்டு வாழைத்தோப்புகளையே பார்த்து வந்தார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தங்கை வீட்டு வாசலில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. கார் நின்றதும் அத்தை கதவை இழுத்தார். அது எப்படித் திறக்கும்? அவரை அழைத்துப்போக வந்த பெண்கள் வெளியே கைநீட்டி நிற்க, மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்து, வெயில் படாத இடமாக வேப்பமரத்தடியில் வண்டியை ஒழுங்காக நிறுத்துவதில் முனைந்திருந்தார். ஒரே வீச்சில் அழகாகத் திருப்பினார். அத்தை கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தார். "கதவைத் திறங்க, கதவைத் திறங்க" என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதார். மாமா இறங்கிச் சுற்றி வருகிறவரைக்கும் நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமாவும் இப்போது இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் செய்த முதல் வேலை, பின்கதவுப் பூட்டை எடுத்துவிட்டதுதான். கதவோரத்தில் ஒரு சின்ன நெம்புகோல், நகத்தால் தள்ளினால் போதும். இத்தனை வருஷமும் அவ்வளவுதான் வேலை. இப்போது சாவி என் கைப்பையில் கிடக்கிறது. பாலக்கரைக்குத் தனியாக ஓட்டிப் போகிறேன். வளையல் கடையிலும் ஏறி இறங்கியாகிவிட்டது. அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் வருகிறார். இறங்கும்போது மட்டும் இன்னும் கதவில் கை வைப்பதில்லை. நான் சுற்றி வந்து திறக்கும்வரை மடியில் கைகோத்துக் காத்திருக்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். முசிறிப் பக்கம் மட்டும் நாங்கள் ஒருநாளும் வண்டியைத் திருப்பியதில்லை. போகலாமா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

இன்று காலை அத்தை கிண்ணத்தோடும் முக்காலியோடும் வெளியே வந்தார். கறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. பல்லெல்லாம் போன அந்த மனிதர் வெற்றிலை இடிக்கும் சத்தம் டொக்டொக்கென்று கேட்டது.

"ஆயிலுதான் அத்தை. மறுபடி ஒழுகுது. இன்னிக்கே சரி பண்ணிடறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, தொட்டியம் போயிட்டு வரலாமா?" என்றும் கேட்டுவிட்டேன்.

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தார். இரண்டு விரலில் மாவை எடுத்தார்.

"அங்க யாரும்மா இருக்கா?" என்றார்.

கழுவச் சொல்லவில்லை. கறையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளி முதல் புள்ளியை வைத்தார்.